களைப்பைப் பங்கு பிரித்த இரண்டு ஆண்டுகள்

டி.பார்ம் படிப்பை அஞ்சல் வழியில் முடிக்க வழியில்லை. இரண்டு ஆண்டு முழுநேரப் படிப்பு. ஒவ்வொரு பாடத்திலும் 75 விழுக்காடு வருகை வேண்டும். அதற்குப் பிறகு மூன்று மாதத்துக்குக் குறையாமல் 500 மணி நேரப் பயிற்சி. "வேலையை விடாம, வீட்டையும் பாத்துக்கிட்டு இதைப் படிக்க முடியுமாக்கா?" என்று மருந்துக் கடைகளில் வேலை பார்க்கும் பெண்கள் கேட்டால் முதலில் இந்தக் கணக்கைத்தான் சொல்கிறேன். கேட்டதும் பாதிப் பேர் போய்விடுவார்கள். மீதிப் பேருக்காக இதை எழுதுகிறேன்.

திருச்சி புத்தூர் நால்ரோட்டுப் பக்கம் ஒரு மெடிக்கலில் நான் வேலைக்குச் சேர்ந்தது பிளஸ் டூ முடித்த கையோடு. அறிவியல் பிரிவு, மதிப்பெண்ணும் மோசமில்லை. மேலே படிக்க வைக்க வீட்டில் ஆள் இல்லை, அவ்வளவுதான். கல்யாணமாகி, மகன் பிறந்து, அவன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகுதான் கல்லூரி வாசலை மிதித்தேன். அதற்குள் எனக்கு முப்பது தாண்டிவிட்டது. எந்த மருந்து எந்த ரேக்கில் இருக்கிறது என்று இருட்டில் கேட்டாலும் சொல்வேன். ஆனால் 1948-ஆம் ஆண்டுப் பார்மசி சட்டத்தின்படி, டாக்டர் சீட்டுக்கு மருந்து எடுத்துக் கொடுக்க வேண்டியவர் பதிவு பெற்ற பார்மசிஸ்ட். மற்றவர் யாராக இருந்தாலும் அவருடைய நேரடி மேற்பார்வையில்தான் கொடுக்கலாம். அனுபவத்துக்கு மதிப்பே இல்லையா என்று அப்போது கோபம் வரும். படித்து முடித்த பிறகு அந்தக் கோபம் போய்விட்டது. ரேக் தெரிவது வேறு, மருந்து தெரிவது வேறு.

வேலை, வீடு, படிப்பு மூன்றையும் சமமாகப் பார்க்க வேண்டும் என்று ஊரெல்லாம் அறிவுரை சொல்வார்கள். சமமாகப் பார்த்தால் மூன்றும் கெடும் என்பது என் கருத்து. களைத்துப்போய்ச் சமைத்தால் குழம்பில் உப்பு கூடும். களைத்துப்போய்ப் படித்தால் அரியர் விழும். இரண்டும் என் தலையோடு போகும். களைத்துப்போய்க் கவுண்டரில் நின்றால் முன்பின் தெரியாத ஒருவர் வீட்டில் விழுந்துகிடப்பார். ஆகவே ஒரு நாளில் எனக்கு இருக்கும் தெளிவான தலையில் முதல் பங்கு கடைக்கு, மிச்சத்தில் படிப்புக்கு, அரைத்தூக்கத்திலும் செய்யக்கூடியவை வீட்டுக்கு என்று வைத்துக்கொண்டேன். நேர அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டுவதை முதல் மாதமே நிறுத்தினேன். எதைக் களைப்போடு செய்யலாம், எதைச் செய்யவே கூடாது என்று பிரித்ததுதான் கடைசி வரை கைகொடுத்தது.

மருந்துக் கடையின் வேலை நேரம் இதற்கு ஒரு விதத்தில் வசதி. பகலில் கூட்டம் சுமார்தான். எங்கள் பக்கத்து கிளினிக்குகளில் டாக்டர்கள் உட்காருவது மாலை ஆறு மணிக்கு மேல். ஏழரையிலிருந்து ஒன்பதரை வரை கவுண்டரில் கையாக நீளும். ஆகவே ஐந்தரைக்கு வந்து பத்துக்குப் போகும் ஆள் முதலாளிக்கு நஷ்டமில்லை. கல்லூரியில் சேருவதற்கு முன்பே இதை அவரிடம் பேசி முடித்தேன். சம்பளம் பாதியானது. பதிலுக்கு நான் கேட்டது ஒன்று: தேர்வுத் தேதிகளை ஆண்டுத் தொடக்கத்திலேயே தருகிறேன், அந்த நாள்களில் மாற்று ஆள் பார்த்துக்கொள்ள வேண்டும். முதலாளிகள் கடைசி நேரத்து லீவைத்தான் வெறுக்கிறார்கள், முன்கூட்டிச் சொன்ன லீவை இல்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். கல்லூரிக் கட்டணத்தைத் தானே கட்டுவதாகச் சொல்லி, பிளஸ் டூ மதிப்பெண் சான்றிதழின் அசலை வாங்கி வைத்துக்கொள்ளும் கடைக்காரர்கள் உண்டு. உதவியை வாங்குங்கள், முடிந்தபின் இத்தனை காலம் வேலை பார்ப்பேன் என்று எழுதியும் கொடுங்கள். அசல் சான்றிதழை மட்டும் கொடுக்காதீர்கள்.

எந்தக் கடையில் வேலை பார்த்துக்கொண்டு படிக்கிறீர்கள் என்பது பாதி விஷயம். பார்மசிஸ்ட் சர்ட்டிபிகேட் சுவரில் தொங்கும், சர்ட்டிபிகேட்டுக்கு உரியவர் வேறு ஊரில் இருப்பார், அப்படிப்பட்ட கடைகள் எல்லாருக்கும் தெரிந்தவைதான். அங்கே கேள்வி கேட்க ஆளிருக்காது, கை தவறினால் பிடிக்கவும் ஆளிருக்காது. எங்கள் கடையில் பார்மசிஸ்ட் அக்கா மாலை முழுக்க நிற்பார். நான் எடுத்து வைத்ததை அவர் பார்க்காமல் கவர் மூடப்படாது. பகலெல்லாம் வகுப்பில் உட்கார்ந்துவிட்டு வந்து நிற்கிற ஒருத்திக்கு அந்த இரண்டாவது ஜோடிக் கண்தான் பெரிய சம்பளம்.

கவுண்டருக்கு என்று நான் வைத்திருந்த பழக்கங்களைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அட்டையை ரேக்கிலிருந்து எடுக்கும்போது ஒருமுறை, பில் போடும்போது ஒருமுறை, கையில் கொடுக்கும்போது ஒருமுறை பெயரையும் மில்லிகிராமையும் வாய்விட்டுப் படிப்பேன். மனசுக்குள் படித்தால் தூக்கக் கலக்கத்தில் கண் தனக்குத் தெரிந்த பெயரைப் படித்துவிடும். வாய் அப்படி ஏமாற்றாது. ஒரேபோல ஒலிக்கும் ஜோடிகளை எழுதி ரேக்கின் ஓரத்தில் ஒட்டியிருந்தோம். ரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின், மனச்சோர்வுக்கும் நரம்பு வலிக்கும் தரும் அமிட்ரிப்டைலின். சர்க்கரைக்கான மெட்ஃபார்மின், வயிற்றுத் தொற்றுக்கான மெட்ரோனிடசோல். இந்த ஜோடிகளை அடுத்தடுத்து அடுக்காமல் இடம் பிரித்தாலே பாதி ஆபத்து போய்விடும்.

மெத்தோட்ரெக்ஸேட் சீட்டு வந்தால் கடையில் மற்ற எல்லாப் பேச்சும் நிற்க வேண்டும் என்பது அக்காவின் விதி. முடக்குவாதத்துக்கு அந்த மாத்திரை வாரத்துக்கு ஒரே ஒரு நாள்தான். மற்ற மாத்திரைகளைப் போல தினமும் போட்டுவிட்டால் ரத்த அணுக்கள் சரிந்து உயிருக்கே ஆபத்து. கூடவே எழுதும் ஃபோலிக் ஆசிட் மாத்திரை வேறு குழப்பும். அதனால் கவரின் மேல் "வாரம் ஒரு நாள்" என்று எழுதினால் போதாது, எந்தக் கிழமை என்று அவர்களிடமே கேட்டு அந்தக் கிழமையை எழுத வேண்டும். "புதன்கிழமை மட்டும்" என்று எழுதிய கவரை யாரும் வியாழக்கிழமை பிரிக்க மாட்டார்கள்.

இன்சுலினில் ஒரு சம்பவம். சர்க்கரை இறங்கவே மாட்டேன் என்கிறது, டாக்டர் அளவைக் கூட்டிக்கொண்டே போகிறார் என்று ஒரு அம்மா புலம்பினார். பையில் வைத்திருந்த சிரிஞ்சைக் காட்டச் சொன்னார் அக்கா. மூடி ஆரஞ்சு நிறம். நம் நாட்டில் இன்சுலின் பாட்டில் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்கு உரியது சிவப்பு மூடி சிரிஞ்சு. ஆரஞ்சு மூடி, 100 யூனிட் இன்சுலினுக்கு உரியது. அதில் 20 என்ற கோடு வரை ஏற்றினால் இந்தப் பாட்டிலிலிருந்து உள்ளே போவது 8 யூனிட்தான். அவர் சிரிஞ்சை வேறு கடையில் வாங்கியிருக்கிறார். மறுபடி டாக்டரைப் பார்க்காமல் சிவப்பு மூடிக்கு மாறினால் அது இன்னும் ஆபத்து, ஏனென்றால் அளவை இதற்குள் கூட்டிவிட்டார்களே. அக்கா அதையும் சொல்லி, ஒரு சீட்டில் விஷயத்தை எழுதி டாக்டரிடமே திருப்பி அனுப்பினார். அடுத்த வாரம் கல்லூரியில் அளவுக் கணக்கு நடத்தியபோது வகுப்பில் பாதிப் பேர் விழித்தார்கள். எனக்கு அந்த அம்மாவின் முகம் நினைவுக்கு வந்தது, கணக்கு தானாக வந்தது.

தேர்வுக் காலத்தில் தலை கனத்துக் கிடக்கும் நாள்களில் "இன்னிக்கு நான் சீட்டு எடுக்கல, எக்ஸ்பைரி பாக்குறேன்" என்று அக்காவிடம் முன்பே சொல்லிவிடுவேன். காலாவதியாக மூன்று மாதமே இருக்கும் அட்டைகளைப் பொறுக்கி, ஏஜென்சிக்குத் திருப்பி அனுப்பப் பெட்டி கட்டுவது, ஃப்ரிட்ஜ் 2-லிருந்து 8 டிகிரிக்குள் இருக்கிறதா என்று பார்த்து எழுதுவது, தீர்ந்த மருந்துகளை நோட்டில் ஏற்றுவது. இவையும் கடைக்கு வேண்டிய வேலைகளே, அவசரமில்லாத வேலைகள். முடியாது என்று சொல்லக் கூச்சப்படும் பெண்கள் நம்மில் அதிகம். "தல வலிக்குது, ஆனா சமாளிச்சுக்குறேன்" என்பது வீட்டில் சரி. மருந்துக் கடையில் அந்த வீரம் வேண்டாம்.

இனி படிப்பு. கடையில் புத்தகம் விரிக்காதீர்கள். கூட்டமில்லாத அரைமணி நேரத்தில் படிக்கலாம் என்று தோன்றும். படிப்பும் ஏறாது, வருகிறவரும் "இந்தப் பொண்ணு நம்மளைக் கவனிக்கல" என்று நினைப்பார். ரேக்கே புத்தகம்தானே. மருந்தியல் பாடத்தை நான் அப்படித்தான் படித்தேன். பெயரின் வாலைப் பிடித்தால் குடும்பம் தெரிந்துவிடும். 'ஓலால்' என்று முடிந்தால் இதயத் துடிப்பைக் குறைக்கும் வகை, ஆஸ்துமாக்காரருக்கு யோசித்துத் தர வேண்டும். 'பிரில்' என்றால் ரத்த அழுத்தம், வறட்டு இருமல் வரலாம். அப்படி வந்தால் டாக்டர் 'சார்டான்' வகைக்கு மாற்றுவார். 'டிபின்' என்றால் கணுக்கால் வீங்கலாம். 'ஸ்டாட்டின்' என்றால் கொழுப்பு, தசைவலி வருகிறதா என்று கேட்க வேண்டும். இதில் கண்ணிகளும் உண்டு. ராபெப்ரசோல் வயிற்று அமிலத்துக்கு. ஏறக்குறைய அதேபோல ஒலிக்கும் அரிபிப்ரசோல் மனநல மருந்து. புத்தகத்தில் இருபது பக்கம் அட்டவணையாகக் கிடப்பதை, "இருமல் நிக்கவே மாட்டேங்குதும்மா" என்று சொல்லும் பெரியவரின் சீட்டில் எனலாப்ரில் இருப்பதைப் பார்க்கும்போது ஒரே நொடியில் படித்துவிடலாம். அன்றன்றைக்குக் கவுண்டரில் கண்ட ஒரு மருந்தைக் காலையில் புத்தகத்தில் தேடிப் படிப்பது என்பதைத் தவிர வேறு திட்டம் எதுவும் நான் வைத்துக்கொள்ளவில்லை.

காலையில் என்றால் நாலரை மணி. இரவு பத்தரைக்கு மேல் வீடு வந்து படித்தால் வரிகள் ஓடும், ஒன்றும் தங்காது. வந்ததும் சாப்பிட்டுப் படுத்துவிடுவேன். வீடு விழிக்கும் முன் முக்கால் மணி நேரம், கைபேசியை வேறு அறையில் வைத்துவிட்டுப் படிப்பேன். ராத்திரி முழுக்க விழித்துப் படித்தேன் என்று பெருமை பேசும் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பதினெட்டு வயது. அவர்கள் மறுநாள் மதியம் தூங்கிக்கொள்வார்கள். மாலையில் சீட்டு வாசிக்க வேண்டியவளுக்கு அது ஆகாது.

அந்தப் பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதல் வாரம் என்னை ஆசிரியை என்று நினைத்து எழுந்து நின்றவர்கள், பிறகு அக்கா என்று ஒட்டிக்கொண்டார்கள். நமக்கும் அவர்களுக்கும் பண்டமாற்று நன்றாக நடக்கும். அவர்களுக்கு மருந்தின் வேதிப்பெயர் தெரியும், கடைப்பெயர் தெரியாது. எனக்குக் கடைப்பெயர் தெரியும், வேதி அமைப்பை வரைய வராது. மகனுக்குக் காய்ச்சல் என்று நான் வராத நாளின் குறிப்புகள் மாலைக்குள் கைபேசிக்கு வந்துவிடும். வயதைக் காரணம் காட்டி ஓரமாக உட்கார்ந்திருந்தால் இது கிடைத்திருக்காது. தமிழ் வழியில் படித்துவிட்டு வந்த எனக்கு ஆங்கிலப் பாடநூல் மலைப்பாக இருந்தபோதும், பக்கத்தில் உட்கார்ந்து வாக்கியத்தை உடைத்துச் சொன்னது ஒரு பத்தொன்பது வயதுப் பெண்தான்.

ரெக்கார்டு நோட்டுகள்தான் உண்மையான எதிரி. ஏறக்குறைய எல்லாப் பாடத்துக்கும் ஆய்வகம், எல்லா ஆய்வகத்துக்கும் நோட்டு, படம் வரைய வேண்டும், கையெழுத்து வாங்க வேண்டும். சேர்த்து வைத்து எழுதலாம் என்று விட்டால் ஆண்டுக் கடைசியில் தூக்கம் போகும். இது களைப்போடும் செய்யக்கூடிய வேலை என்பதால் இதை ஞாயிறு மதியத்துக்கு ஒதுக்கினேன். சாப்பாட்டு மேசையில் ஒரு பக்கம் மகன் இரண்டாம் வகுப்பு வீட்டுப்பாடம், மறு பக்கம் நான் சிறுநீரகம் வரைவேன். அவனுடைய வண்ணப் பென்சில்களைக் கேட்டு வாங்க வேண்டியிருக்கும்.

செஷனல் தேர்வுகளில் ஒரு சூட்சுமம். எங்கள் கல்லூரியில் ஆண்டுக்கு மூன்று வைப்பார்கள், அதிக மதிப்பெண் வந்த இரண்டைத்தான் கணக்கில் எடுப்பார்கள். திருச்சியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் காய்ச்சல் காலம், கடையில் நிற்க இடமிருக்காது. ஆகவே மழைக்காலத்தில் வரும் செஷனலுக்கு விழுந்து விழுந்து படிக்கவில்லை. மற்ற இரண்டையும் நன்றாக எழுதினேன். எல்லாத் தேர்விலும் முதலிடம் வாங்கும் ஆசை உள்ளவர்களுக்கு இந்த யோசனை பிடிக்காது. அவர்களுக்குக் குடும்பம் இல்லாமலிருக்கலாம்.

வீட்டுக்கு வருகிறேன். "குடும்பம் ஒத்துழைத்தது" என்று சாதித்த பெண்களின் பேட்டிகளில் ஒரு வரி வரும். பதிலுக்கு இவர்கள் என்ன கொடுத்தார்கள் என்று எழுதியிருக்க மாட்டார்கள். என் அத்தைக்கு முழங்கால் வலி, சர்க்கரை வேறு. பள்ளியிலிருந்து பேரனை அழைத்துவந்து, எனக்காக இரவு வரை அவனோடு இருக்க வேண்டியவர் அவர். சேருவதற்கு முன் உட்கார்ந்து பேசினோம். "உன் படிப்பெல்லாம் சரி. ஞாயித்துக்கிழமை நான் என் தம்பி வீட்டுக்குப் போவேன், அன்னிக்கு என்னைக் கூப்பிடக் கூடாது" என்றார். நியாயமான கூலி. இரண்டு ஆண்டும் அந்த ஞாயிறுகளை நான் தொடவில்லை. இன்னொரு பக்கம், அவருடைய மருந்தெல்லாம் என் பொறுப்பு. காலையில் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை, கால்சியம் அதிலிருந்து நாலு மணி நேரம் தள்ளி, மெட்ஃபார்மின் சாப்பாட்டோடு என்று கிழமை வாரியாகப் பெட்டியில் போட்டு வைப்பேன். ரத்தச் சிவப்பணுவுக்கு ஏறத்தாழ 120 நாள் ஆயுள். அதனால்தான் எச்பிஏ1சி மூன்று மாதச் சர்க்கரையைக் காட்டுகிறது என்று அவருடைய ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டே அவருக்கு விளக்கினேன். உயிர்வேதியியல் தாளில் அது கேள்வியாக வந்தது. அதைவிட, "அப்ப டெஸ்டுக்கு முன்னாடி மட்டும் பத்தியம் இருந்தா பலிக்காதா?" என்று அவர் ஏமாற்றத்தோடு கேட்டது நன்றாக நினைவிருக்கிறது.

மகனைப் படிப்புக்குள் இழுத்தது மருந்துத் தாவரவியல். எங்கள் உறையூர்த் தெருக்களில் இல்லாத மூலிகையா? வாசல்தோறும் நித்யகல்யாணி. அதிலிருந்துதான் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்குத் தரும் வின்கிறிஸ்டின் எடுக்கிறார்கள் என்றதும் அவன் பள்ளியில் போய் எல்லாருக்கும் சொல்லிவிட்டான். வேலியோரத்து ஆடாதொடை, நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய நிலாவரை என்று தேடி எடுத்துத் தாளில் ஒட்ட அவன்தான் உதவி. நிலாவரை நம் தென்மாவட்டங்களில் விளைந்து தூத்துக்குடித் துறைமுகம் வழியே வெளிநாடு போகும் மலமிளக்கி என்று தெரிந்தபோது அவனுக்கு வந்த சிரிப்பு ஒரு நாள் முழுக்க நிற்கவில்லை. அம்மா படிப்பதால் தனக்கு எதுவோ பறிபோகிறது என்று குழந்தை நினைக்கக் கூடாது என்று பயந்துகொண்டிருந்தேன். அந்த ஆண்டு பயம் கொஞ்சம் குறைந்தது.

கணவருக்குத் துவாக்குடிப் பக்கம் ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறையில் ஷிஃப்ட் வேலை. அவருக்குச் சமைக்கத் தெரியாது என்பது வீட்டில் எல்லாரும் ஏற்றுக்கொண்ட உண்மையாக இருந்தது. இரண்டாம் ஷிஃப்ட் வாரங்களில் காலை டிபனும் மகனின் மதிய டப்பாவும் அவர் வேலை என்று ஆனபோது அந்த உண்மை மெல்லக் கரைந்தது. தக்காளி சாதம், எலுமிச்சை சாதம், மறுபடி தக்காளி சாதம். மகன் முணுமுணுத்தான், நான் வாயைத் திறக்கவில்லை. உதவி கேட்டுவிட்டு அதன் தரத்தைப் பற்றிப் பேசினால் உதவி நின்றுவிடும்.

உறவுக்காரர்கள் வீட்டு விசேஷங்களுக்கு ஒரு வழி கண்டுபிடித்தோம். நேரில் போயே ஆக வேண்டிய வீடுகள் எவை என்று ஆண்டுத் தொடக்கத்தில் இருவருமாக உட்கார்ந்து முடிவு செய்தோம்: என் பக்கம் சில, அவர் பக்கம் சில. மற்றவற்றுக்கு அவர் மட்டும் போவார், அல்லது மொய் போகும். மொய் சரியாகப் போய்விட்டால் ஆள் வராததை நம் மக்கள் மன்னித்துவிடுகிறார்கள். "இந்த வயசுல என்ன படிப்பு" என்ற கேள்விக்குப் பதில் தயாரித்து வைக்க வேண்டாம். கேட்பவர்கள் பதிலுக்குக் காத்திருப்பதில்லை.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. வருமானம் பாதியாகும், செலவு கூடும். சேருவதற்கு முந்தைய ஆண்டே சீட்டு ஒன்று போட்டு, கல்லூரிக் கட்டணம் கட்டும் மாதத்தில் எடுத்தேன். நகையை அடகு வைத்துத் தொடங்கினால் வட்டி கட்டும் கவலையே ஒரு தனிப் பாடமாகிவிடும்.

இரண்டாம் ஆண்டு முடிந்த பிறகு வரும் 500 மணி நேரப் பயிற்சியைப் பலர் கடைசி நேரம் வரை மறந்துவிடுகிறார்கள். கடையில் ஏற்கெனவே நின்ற ஆண்டுகள் இதில் சேராது. எங்கே செய்யலாம், யார் கையெழுத்திட வேண்டும் என்று கல்லூரியில் முன்பே கேட்டு வைக்க வேண்டும். நான் ஒரு மருத்துவமனையின் மருந்தகத்தில் பகலில் செய்தேன், மாலையில் வழக்கம்போல் கடை. சம்பளமில்லாத அந்த மாதங்களுக்கும் சேர்த்துத்தான் பணத்தைத் திட்டமிட வேண்டும். டிப்ளமோ முடித்தவர்களுக்கு வெளியேறும் தேர்வு என்று ஒன்றை 2022-ல் விதியாக்கியிருக்கிறார்கள்: மூன்று தாள், ஒவ்வொன்றிலும் 50 விழுக்காடு. இப்போது சேருகிறவர்கள் அதையும் கணக்கில் வைத்துக்கொண்டு முதலாண்டுப் பாடங்களைத் தூக்கிப் போடாமல் இருங்கள். முதலாண்டு நோட்டுகளைப் பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போட்ட என் வகுப்புத் தோழி ஒருத்தி அப்புறம் என் வீட்டுக்கு நகல் எடுக்க வந்தாள்.

எல்லாம் முடிந்து பதிவுக்கு விண்ணப்பித்திருந்த சமயத்தில், ஏஜென்சியில் வேலை பார்க்கும் ஒருவர் மூலமாக ஒரு கேள்வி வந்தது. புறநகரில் ஒருவர் கடை திறக்கிறாராம். சர்ட்டிபிகேட்டை மட்டும் அங்கே மாட்டினால் போதும், மாதாமாதம் ஒரு தொகை வீடு தேடி வரும், நேரில் வர வேண்டியதில்லை. இரண்டு ஆண்டு ஓடிக் களைத்த ஒருத்திக்கு இதைவிட இனிப்பான பேச்சு இருக்க முடியாது. வீட்டிலிருந்தபடி மகனைப் பார்த்துக்கொள்ளலாம், பணமும் வரும். கணவரும் "யோசிச்சுப் பாரு" என்றார், கெட்ட எண்ணத்தில் இல்லை, நான் பட்ட பாட்டைப் பார்த்தவர் என்பதால். சட்டப்படி அது தப்பு, பிடிபட்டால் பதிவே போய்விடும் என்று அவருக்கு விளக்கினேன். அத்தை இடையில் வந்து, "அந்தக் கடையில யாரு நிப்பா?" என்று மட்டும் கேட்டார். யாரோ ஒரு பையன் நிற்பான், பிளஸ் டூ முடித்தவனாக இருக்கலாம் என்றேன். பேச்சு அதோடு நின்றது.

மறுநாள் எங்கள் முதலாளியிடம் போய்ச் சம்பளம் பேசினேன். காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை, பதிவு பெற்ற பார்மசிஸ்டுக்கு இந்தப் பகுதியில் என்ன தருகிறார்களோ அது, வாரம் ஒரு நாள் விடுமுறை. "நம்ம கடைப் பொண்ணுதானே" என்று குறைக்கப் பார்த்தார். பக்கத்துக் கடைகளில் கேட்டு எழுதி வைத்திருந்ததை எடுத்துக் காட்டினேன். இரண்டு நாள் இழுத்துவிட்டுச் சம்மதித்தார். பேசியதை எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொண்டோம்.